ரேடியேட்டரை மாற்றுவதற்கு முன்: சாலைக்கும் பந்தயத் தடத்துக்கும் ஒரே காரைத் தயார் செய்வது எப்படி?

ஏப்ரல் மாதத்து முற்பகல் ஒன்றில், இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஆறாவது சுற்றை முடித்துவிட்டு, கார்களை நிறுத்தும் பிட் பகுதிக்குள் திரும்பியபோது, காருக்குள் வெல்லப்பாகு காய்ச்சுவது போன்ற வாசனை வந்தது. டாஷ்போர்டில் வெப்பமுள் நடுவில்தான் நின்றிருந்தது. பானெட்டைத் திறந்து பார்த்தால், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் டப்பா உலைபோலக் கொதித்துக்கொண்டிருந்தது. மூடியின் விளிம்பிலிருந்து வழிந்த திரவம் சூடான பாகங்களில் பட்டுச் சீறியது. அதே கார் அன்று காலை கோயம்பேட்டிலிருந்து பூந்தமல்லி வழியாக, நெரிசலில் ஊர்ந்தபடி, ஏசியும் ஓட, ஒரு குறையும் இல்லாமல் வந்து சேர்ந்திருந்தது.

அடுத்த மாதம் நான் செய்த முதல் வேலை, கூலன்ட்டின் வெப்பத்தைக் காற்றில் இறக்கும் ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு, பெரிய அலுமினிய ரேடியேட்டர் ஒன்றை வாங்கிப் பொருத்தியது. செலவழித்த பணத்துக்கு ஏற்ற பலன் கிடைக்கவில்லை. பிறகு ரேடியேட்டரைச் சுற்றியிருந்த இடைவெளிகளைத் தகட்டாலும் நுரைப்பட்டையாலும் அடைத்தேன். சில நூறு ரூபாய்தான் ஆனது. வெப்பம் இறங்கியது அப்போதுதான். இந்தக் கட்டுரையில் படிகள் வரிசைப்படுத்தப்பட்டிருப்பது அந்த அனுபவத்தை ஒட்டித்தான். முதலில் அளப்பது, அடுத்து இருப்பதைச் சரிசெய்வது, அடுத்து காற்றுக்கு வழிவிடுவது. புதுப்பாகங்கள் வாங்குவது அதற்கும் பிறகு.

சாலையில் ஒரு காய்ச்சல், தடத்தில் வேறொரு காய்ச்சல்

இன்ஜினுக்குள் எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் காரை ஓட்டும் வேலையாகிறது. இன்னொரு பங்கு புகையோடு வெளியேறிவிடுகிறது. மீதியைக் கூலன்ட்டும் ஆயிலும் சுமந்து சென்று காற்றில் கொட்ட வேண்டும். 110 குதிரைத்திறன் கொண்ட சிறிய டர்போ கார், நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் சீராகப் போக அந்தத் திறனில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. தடத்தில் அப்படி இல்லை. நேர்ப்பாதைகளில் ஆக்ஸிலரேட்டர் தரையோடு அழுந்தியிருக்கும். வளைவுக்கு வளைவு அதே கதை. சாலைக்காக வடிவமைத்த குளிரூட்டும் அமைப்பு, தான் என்றுமே பார்த்திராத சுமையை அங்கே இருபது நிமிடம் தொடர்ந்து சுமக்கிறது.

நெரிசலில் வெப்பம் குறைவு, ஆனால் காற்றும் இல்லை. அங்கே விசிறிதான் எல்லாம். தடத்தில் காற்று நிறைய இருக்கிறது, வெப்பமும் நிறைய. 60 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் விசிறியால் பெரிய பயன் இல்லை. எதிர்க்காற்று ரேடியேட்டருக்குள் நுழைகிறதா, அல்லது அதைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடுகிறதா என்பதுதான் கேள்வி. ஆகவே "என் கார் சூடாகிறது" என்று ஒருவர் சொன்னால், நான் முதலில் கேட்பது, "நிற்கும்போதா, ஓடும்போதா?" என்பதைத்தான். நிற்கும்போது என்றால் விசிறி, அதை இயக்கும் மின் சுவிட்சான ரிலே, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சரின் அடைப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஓடும்போது என்றால் காற்றுவழி, ரேடியேட்டர், கூலன்ட் ஓட்டம், ஆயில்.

தடத்துக்குத் தடமும் மாறும். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் இருங்காட்டுக்கோட்டைத் தடம் 3.717 கி.மீ. நீளம், காருக்கு மூச்சுவிட நீண்ட நேர்ப்பாதை உண்டு. கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே இரண்டு கிலோமீட்டரைச் சற்றே தாண்டியது. வளைவுகள் நெருக்கமானவை, சராசரி வேகம் குறைவு, முடுக்கமோ ஓயாதது. ஒரு தடத்தில் தாங்கிய கார் இன்னொன்றிலும் தாங்கும் என்று முடிவுகட்டாதீர்கள்.

முதல் படி: முள்ளை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள்

டாஷ்போர்டில் இருக்கும் வெப்பமுள் ஓட்டுநரைப் பதற்றப்படுத்தக் கூடாது என்பதற்காகவே பழக்கப்படுத்தப்பட்டது. பல கார்களில் கூலன்ட் 80 டிகிரியில் இருந்தாலும் 105 டிகிரியில் இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும். அது நகரத் தொடங்கும்போது காலம் கடந்திருக்கும்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும், காரின் கணினியோடு பேசும் ஓபிடி இணைப்பில் செருகும் சிறிய ப்ளூடூத் கருவி 2,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. கைப்பேசிச் செயலியோடு இணைத்தால் கூலன்ட் வெப்பம் டிகிரிக் கணக்கில் தெரியும். இன்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பமும் தெரியும். இந்த முழுத் திட்டத்திலும் நீங்கள் வாங்கப்போகும் மிகப் பயனுள்ள பொருள் இதுதான். ஆயில் வெப்பத்தைச் சில கார்களே ஓபிடி வழியாகக் காட்டும். மற்றவற்றுக்குத் தனி சென்சார் வேண்டும். அதைப் பிறகு பார்ப்போம்.

இரண்டு வாரம் சாதாரணமாக ஓட்டி எண்களை ஒரு நோட்டில் எழுதுங்கள்: நெரிசலில் எவ்வளவு, நெடுஞ்சாலையில் எவ்வளவு, ஏசி போட்டால் எவ்வளவு. பக்கத்திலேயே அன்றைய காற்று வெப்பத்தையும் எழுதுங்கள். இது ஏன் முக்கியம் என்றால், கூலன்ட் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட் முழுதாகத் திறந்த பிறகு, ஒரே மாதிரி ஓட்டினால், கூலன்ட்டுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள இடைவெளி கிட்டத்தட்ட மாறாது. ஜனவரியில் 28 டிகிரிக் காற்றில் தடத்தில் 100 டிகிரி காட்டிய கார், கத்திரி வெயிலில் 40 டிகிரிக் காற்றில் 112 காட்டும். குளிர்காலத்தில் "பிரச்சினையே இல்லை" என்று நினைத்தவர்கள் மே மாதத்தில் மாட்டிக்கொள்வது இந்தக் கணக்கால்தான்.

நான் வைத்திருக்கும் எல்லைகளைச் சொல்கிறேன். தடத்தில் 105 வரை கவலையில்லை. 110 வந்தால் ஒரு சுற்று மெதுவாகப் போகிறேன். 115 வந்தால் உள்ளே வந்துவிடுகிறேன். ஒரு எச்சரிக்கை: சில புதிய இன்ஜின்கள் எரிபொருள் சிக்கனத்துக்காக மெதுவாக ஓடும்போது வேண்டுமென்றே 105 டிகிரி வரை சூடாக ஓடும், முழுவேகத்தில் குளிர்ந்துகொள்ளும். உங்கள் காரின் இயல்பு எது என்பதை அந்த நோட்டுதான் சொல்லும்.

சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போது எண் திடீரென்று சரிந்தால் மகிழாதீர்கள். கூலன்ட் வெளியேறிவிட்டால் சென்சார் நீரில் முழுகியிருக்காது; நீராவியிலோ காற்றிலோ தொங்கும். அப்போது அது பொய் சொல்லும். உடனே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள்.

இரண்டாம் படி: இருப்பதைப் பழுதில்லாமல் ஆக்குங்கள்

ஐந்து வயதான காரில் புதுப்பாகம் பொருத்துவதற்கு முன், பழைய அமைப்பைப் புதிதாக இருந்த நிலைக்குக் கொண்டுவருவதே பாதி வேலை. முன் பம்பரைக் கழற்றி, ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள். என் காரில் அந்த இரண்டு விரற்கடை இடைவெளிக்குள் மண்ணும் எண்ணெயும் கலந்து கம்பளி போல ஒரு படலம் ஒட்டியிருந்தது. அதில் வேப்பஞ்சருகுகள், தட்டான்களின் சிறகுகள், பாதி உருகிய ஒரு பிஸ்கட் உறை. கிரில் வழியாக முன்னாலிருந்து பார்த்தபோது கண்டென்சர் பளிச்சென்று சுத்தமாகத்தான் தெரிந்தது. குப்பை அதன் முதுகுப்புறத்தில் இருந்தது. தோட்டத்துக் குழாயின் மெல்லிய நீரால், இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் நிலையத்தின் அழுத்தத் துப்பாக்கியை அருகில் கொண்டுபோனால் மெல்லிய தகட்டிதழ்கள் மடங்கிவிடும். பிறகு காற்று நுழையவே நுழையாது.

அடுத்தது தெர்மோஸ்டாட். நம் ஊர்ப் பட்டறைகள் பலவற்றில், "இந்த வெயிலுக்கு இது எதற்கு சார்?" என்று சொல்லி அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். பழைய கார் வாங்கியவர்கள் முதலில் அது உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் இன்ஜின் உரிய வெப்பத்துக்கு வராது; பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும்; ஆயிலில் பெட்ரோல் கலக்கும். இன்னொரு கேடும் உண்டு. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதே அசைவில், ரேடியேட்டரைத் தொடாமல் சுற்றிப்போகும் பைபாஸ் வழியை அடைக்கும். அதைக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டரை எட்டிப்பார்க்காமலே இன்ஜினுக்குத் திரும்பிவிடும். குளிர்விக்க வேண்டும் என்று கழற்றியதே கொதிக்க வைத்துவிடும்.

தெர்மோஸ்டாட்டைச் சோதிப்பது எளிது. பழைய பாத்திரம் ஒன்றில் தண்ணீர் ஊற்றி, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி அடியைத் தொடாமல் தொங்கவிட்டு, ஒரு தெர்மாமீட்டரோடு சூடுபடுத்துங்கள். அதன் மேல் பொறித்திருக்கும் எண்ணை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். அந்த எண் பெரும்பாலும் 82க்கும் 88க்கும் இடையில் இருக்கும். அதற்கு மேல் பத்துப் பதினைந்து டிகிரிக்குள் முழுதாகத் திறந்துவிட வேண்டும். கொதிநீரிலும் பாதியில் நின்றால் புதிது வாங்குங்கள். அந்தப் பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்க வேண்டாம். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு.

கூலன்ட் மூடியும் ஒரு பாகம்தான். அதன் மேல் 0.9, 1.1, 1.4 என்று ஏதாவது ஓர் எண் இருக்கும். அது அழுத்தத்தின் அளவு. வெறும் தண்ணீர் 1 பார் கூடுதல் அழுத்தத்தில் 100 டிகிரியில் கொதிக்காது, 120 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் இறுகிப்போய் அழுத்தம் கசிந்தால் அந்த இருபது டிகிரிப் பாதுகாப்பும் போயிற்று. சிலிண்டர் ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வுகளுக்கு நடுவே, சென்சார் பார்க்க முடியாத இடத்தில், கூலன்ட் முதலில் கொதிக்கத் தொடங்கும். புது மூடி வாங்குங்கள், காருக்கு உரிய அதே அளவில். அதிக அழுத்த மூடி போட்டால் பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் ஹோஸ்களும்தான் முதலில் விட்டுக்கொடுக்கும்.

ஹோஸ்களை அமுக்கிப் பாருங்கள். மொறுமொறுவென்று ஒலித்தாலோ பஞ்சுபோல அமுங்கினாலோ மாற்ற வேண்டியதுதான். வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சிறு துளையில் காய்ந்த கூலன்ட் தடம் தெரிந்தால் பம்பையும் மாற்றுங்கள். பிறகு பட்டறையில் கைப்பம்பு வைத்து மூடியின் அளவுக்கு அழுத்தம் கொடுத்து, பதினைந்து நிமிடம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே ஒருமுறை கொதித்த கார் என்றால், சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்பான ஹெட் கேஸ்கட்டின் சோதனையும் தேவை. கூலன்ட் டப்பாவின் வாயில் வைக்கும் நீலத் திரவம் மஞ்சளாக மாறினால், சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டில் கலக்கிறது. அந்த நிலையில் எந்த மேம்பாடும் பயன் தராது.

மூன்றாம் படி: தண்ணீர், கூலன்ட், விகிதம்

பாதிக்குப் பாதி என்ற விகிதம் கடுங்குளிர் நாடுகளையும் கணக்கில் எடுத்துக்கொண்டது; அந்தக் கலவை சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. தமிழகச் சமவெளிக்கு அது தேவையில்லை. வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரை மிஞ்சும் திரவம் நம் கைக்கெட்டும் தூரத்தில் வேறில்லை. கிளைக்கால் கூடக்கூட அந்தத் திறன் குறையும். ஆனால் துருப்பிடிக்காமல் காக்கும் மருந்து கூலன்ட்டில்தான் இருக்கிறது. தடத்துக்குப் போகும் காருக்கு 30 பங்கு கூலன்ட், 70 பங்கு தண்ணீர் என்பது என் தேர்வு. உதகையின் உறைபனிக்கும் அது தாங்கும்.

தண்ணீர் என்றால் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர். போர்வெல் தண்ணீரை ஒருபோதும் ஊற்றாதீர்கள். நம் வீட்டுக் கெட்டிலின் அடியில் படியும் அதே வெள்ளை உப்பு, சிலிண்டர் சுவரின் பின்னாலும் படியும். அது வெப்பத்தைக் கடத்தாது.

கூலன்ட்டின் நிறத்தை வைத்து வகையை முடிவு செய்யாதீர்கள். நிறத்துக்குப் பொதுவிதி கிடையாது. வெவ்வேறு வகைகள் கலந்தால் கூழாகத் திரண்டு குழாய்களை அடைக்கலாம். காரின் கையேட்டில் சொன்ன வகையை வாங்கி, பழையதை முழுதாக வடித்து, தண்ணீரால் அலசி, பிறகு புதியதை ஊற்றுங்கள். வடித்த கூலன்ட் இனிப்புச் சுவை உடையது. நாய்களும் பூனைகளும் நக்கிவிடும். தரையில் விடாமல் கேனில் பிடித்துப் பட்டறையிடம் ஒப்படையுங்கள். கீழே சிந்தினால் டயர் வழுக்கும் என்பதால் பல பந்தயத் தடங்களில் கிளைக்காலையே அனுமதிப்பதில்லை. நிகழ்ச்சிக்குப் பதிவு செய்யும்போதே விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். தடை இருந்தால், தண்ணீரோடு துருத்தடுப்பு மருந்து மட்டும் சேர்த்து ஓட்டலாம்.

நான்காம் படி: காற்றுக்கு ஒரே ஒரு வழி விடுங்கள்

காற்று சோம்பேறி. ரேடியேட்டரின் நெருக்கமான இதழ்களுக்குள் புகுவதைவிட, பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி இருந்தால் அதன் வழியாகவே நழுவிவிடும். கிரில்லுக்குள் நுழைந்த காற்று ரேடியேட்டரைத் தவிர வேறெங்கும் போக முடியாதபடி அடைப்பதுதான் இந்தப் படி. இதற்கு ஒரு நாள் முழுவதையும் ஒதுக்குங்கள்.

பம்பரைக் கழற்றியதும் கிரில் திறப்பிலிருந்து ரேடியேட்டர் வரை அட்டையை வெட்டி வைத்துப் பாருங்கள். இரு பக்கங்கள், மேல், கீழ் என நான்கு சுவர்கள் வேண்டும். அட்டை பொருந்திய பிறகு அதையே அச்சாக வைத்து அலுமினியத் தகட்டில் வெட்டுங்கள். பெயர்ப்பலகைக் கடைகளில் மிச்சமாகக் கிடக்கும், இரு பக்கமும் அலுமினியம் கொண்ட ஏசிபி ஷீட்டும் நன்றாக வரும். அதன் நடுவில் இருப்பது பிளாஸ்டிக் என்பதால் டர்போவுக்கும் எக்ஸாஸ்ட்டுக்கும் அருகில் மட்டும் அதை வைக்காதீர்கள். தகடு ரேடியேட்டரைத் தொடும் ஓரங்களில் மூடிய துளைகள் கொண்ட நுரைப்பட்டையை ஒட்டுங்கள். தண்ணீரை உறிஞ்சும் சாதாரணப் பஞ்சு ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாண்டாது.

முன் திறப்பு ரேடியேட்டர் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். சுவர்கள் நன்றாக அடைக்கப்பட்டிருந்தால், ரேடியேட்டர் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு திறப்பே போதும். சிறிய வாயில் நுழைந்து விரிந்துகொண்டே போகும் குழலில் காற்று வேகம் குறைந்து, அழுத்தம் கூடி, இதழ்களுக்குள் சீராகப் பரவும். இரண்டாம் உலகப் போர்க்கால பி-51 மஸ்டாங் விமானத்தின் வயிற்றுக்கடியில் தொங்கும் ரேடியேட்டர் குழலும் இப்படி விரிந்து போவதுதான். பம்பரை அறுத்துப் பெரிதாக்குவதற்கு முன் சுவர்களை எழுப்புங்கள். பெரும்பாலும் அறுக்கவே வேண்டியிருக்காது. திறப்பை மறைக்கும் கூடுதல் விளக்குகள், அலங்கார வலைகள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

உள்ளே போன காற்று வெளியேறவும் வேண்டும். வேகத்தடையில் இடித்து உடைந்த அடித்தட்டைத் திரும்ப மாட்டாமல் ஓட்டுபவர்கள் நம்மிடையே அதிகம். அந்தத் தட்டு அழகுக்காக வைத்ததல்ல. அது இல்லாவிட்டால் காரின் அடியில் போகும் காற்று மேலேறி இன்ஜின் அறைக்குள் புகுந்து, ரேடியேட்டர் வழியாக வரும் காற்றை எதிர்த்துத் தள்ளும். புதிது வாங்கி மாட்டுங்கள்.

பானெட்டில் துளைகள் வைப்பதாக இருந்தால், ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், பானெட்டின் முன்பாதியில் வையுங்கள். காற்று மேலெழுந்து வளையும் அந்த இடத்தில் அழுத்தம் குறைவு; சூடான காற்றை அது உறிஞ்சி இழுக்கும். கண்ணாடிக்கு அருகில் அழுத்தம் அதிகம். பானெட்டின் பின்விளிம்பை வாஷர் வைத்துத் தூக்கிவிடும் வழக்கம் நின்ற காரில் ஆவியை வெளியேற்றும். ஓடும் காரில் காற்றை உள்ளே தள்ளும். துளை போடுவதற்கு முன் கம்பளி நூல் துண்டுகளை பானெட்டில் ஒட்டி, ஓடும்போது அவை எப்படி அசைகின்றன என்று வீடியோ எடுத்துப் பாருங்கள். மழையில் நனைந்தால் கெடும் பாகங்கள் துளைக்கு நேர் கீழே இருக்கின்றனவா என்பதையும் யோசியுங்கள்.

உங்கள் அடைப்பு வேலை செய்கிறதா என்று அறிய ஒரு மலிவான சோதனை உண்டு. ஒளி ஊடுருவும் மெல்லிய குழாயை 'ப' எழுத்தைப் போல வளைத்துப் பலகையில் கட்டி, பாதிவரை நிறத்தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையிலிருந்து ஒரு குழாயை ரேடியேட்டரின் முன்னாலும், மறுமுனையிலிருந்து இன்னொன்றைப் பின்னாலும் கொண்டுபோங்கள். 100 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று முழுவதும் அழுத்தமாக மாறினால் நீர்மட்ட வித்தியாசம் சுமார் 4.5 செ.மீ. வரும். உங்கள் காரில் ஒரு செ.மீ.தான் வருகிறது என்றால், காற்று வேறெங்கோ நழுவுகிறது. பக்கத்தில் அமர்ந்திருப்பவர் படிக்கட்டும். நீங்கள் சாலையைப் பாருங்கள்.

ஐந்தாம் படி: விசிறி

ஏசியைப் போட்டதும் விசிறி ஓட வேண்டும். கிரில்லுக்கு முன் ஒரு காகிதத்தைப் பிடித்தால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும். பறந்து விலகினால் வயர்கள் மாறியிருக்கின்றன. விசிறியைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூட்டை இடம் போதவில்லை என்று கழற்றிவிடாதீர்கள்; அது இல்லாத விசிறி தன் வட்டத்துக்கு நேரே இருக்கும் பகுதியை மட்டும்தான் குளிர்விக்கும். பெரிய விசிறி போட்டால் அதற்கேற்ற தடிமனான வயர், தனி ரிலே, தனி ஃப்யூஸ் கட்டாயம்.

ஆறாம் படி: இப்போது ரேடியேட்டர்

மேலே சொன்னதெல்லாம் முடிந்து, தடத்தில் இன்னும் 110 காட்டினால், பெரிய ரேடியேட்டருக்கு நேரம் வந்துவிட்டது. வாங்கும்போது முகப்பரப்பைப் பாருங்கள். தடிமனைக் கூட்டுவதைவிடப் பரப்பைக் கூட்டுவதே நல்லது. தடிமனான ரேடியேட்டரின் பின்பகுதிக்கு வந்து சேரும் காற்று ஏற்கெனவே சூடாகியிருக்கும். காற்று நுழைவதும் கடினமாகும். முழு அலுமினியத்தில் செய்தவற்றில் பிளாஸ்டிக் தொட்டியின் மடிப்பில் வரும் கசிவு இருக்காது. அதுவே அவற்றின் பெரிய பலம். பொருத்தும்போது ரப்பர் புஷ்களைப் பயன்படுத்துங்கள். நேரடியாக போல்ட்டில் முறுக்கினால் உடலின் முறுக்கலில் வெல்டிங் விரியும்.

டர்போ காரில், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைப் பெரிதாக முன்னால் வைத்தால் அது ரேடியேட்டருக்குச் சூடான காற்றைத்தான் அனுப்பும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். எது எதைச் செய்தது என்று தெரியாமல் போகும்.

ஏழாம் படி: ஆயில், பலரும் மறக்கும் பாதி

கூலன்ட் 100 டிகிரியில் அமைதியாக இருக்கும்போதே ஆயில் 140ஐத் தாண்டியிருக்கலாம். நிஸான் 370இசட் வந்த புதிதில் தடத்துக்குக் கொண்டுபோனவர்கள் கண்டது இதைத்தான்: ஆயில் வெப்பம் எல்லை மீறியதும் இன்ஜின் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. பிறகு நிறுவனமே ஆயில் கூலர் சேர்த்தது.

ஆயில் வெப்பம் 100 முதல் 120 வரை இருந்தால் நல்லது. 130ஐத் தாண்டித் தங்கினால் கூலர் வேண்டும். முதலில் சென்சார் பொருத்தி அளந்து பாருங்கள். ஆயில் ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே வைக்கும் இடைத்தட்டில் சென்சாருக்கும் கூலர் குழாய்களுக்கும் இடம் இருக்கும். தெர்மோஸ்டாட் உள்ள இடைத்தட்டையே வாங்குங்கள். சாலையில் ஓட்டும் காருக்கு ஆயில் சூடாக வேண்டியதும் அவசியம். 80 டிகிரிக்குக் கீழே சுற்றும் ஆயிலில் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கிவிடும்.

குழாய் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கிண்டி, அம்பத்தூர், கோவை போன்ற தொழிற்பகுதிகளில் ஹைட்ராலிக் ஹோஸ் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். வேலை சுத்தமாக இருக்கும். ஆனால் சாதாரண ஹைட்ராலிக் ஹோஸ் 100 டிகிரி வரைக்குத்தான் உரியது. அழுத்தத்தைத் தாங்கும், நம் ஆயிலின் வெப்பத்தைத் தாங்காது. டெஃப்லான் உள்ளுறையும் எஃகுப் பின்னலும் கொண்டதைக் கேளுங்கள். எஃகுப் பின்னல் அரம்போல அறுக்கும். தகட்டைத் தொடும் ஒவ்வோர் இடத்திலும் ரப்பர் வளையம் போடுங்கள். ஹோஸ் ஒன்று விட்டுப்போனால் சில நொடிகளில் ஆயில் முழுவதும் தடத்தில் கொட்டும். உங்கள் இன்ஜினோடு, பின்னால் வருபவரின் உயிருக்கும் ஆபத்து. கூலரின் இணைப்பு வாய்கள் மேல்நோக்கி இருக்கும்படி பொருத்தினால் உள்ளே காற்று தங்காது. அதையும் ரேடியேட்டருக்கு முன்னால் அடைசலாக வைக்காமல், பம்பரின் ஓரத்தில் தனிக் காற்றுவழியோடு வைப்பது மேல்.

பிரேக்கும் வெப்பப் பிரச்சினைதான். டாட் 4 தர பிரேக் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 155 வரை இறங்கிவிடும். நம் கடற்கரை ஊர்களின் காற்றில் ஈரம் சீக்கிரம் ஏறும். முதல் தடநாளுக்கு முன் புதுத் திரவம் ஊற்றிவிடுங்கள்.

எட்டாம் படி: நிரப்புவதும் காற்றை எடுப்பதும்

நல்ல பாகங்கள் போட்டும் கொதித்த பல கார்களில் குற்றவாளி உள்ளே சிக்கிய காற்றுக்குமிழிதான். காரின் முன்பக்கத்தைச் சரிவில் உயர்த்தி நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். கூலன்ட்டை மெதுவாக ஊற்றி, மூடி திறந்த நிலையில் இன்ஜினை ஓடவிட்டு, மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். குமிழிகள் வந்துகொண்டே இருக்கும். காற்று எடுக்கும் திருகு இருந்தால் சீரான ஒழுக்கு வரும்வரை திறந்து வையுங்கள். அதுவரை வெதுவெதுப்பாக இருந்த மேல் ஹோஸ், தெர்மோஸ்டாட் திறந்ததும் ஒரே அலையாகச் சுடும். அந்த நொடியைக் கை உணர்ந்துவிட்டால் போதும், ஓட்டம் தொடங்கிவிட்டது. மூடியைப் போடுங்கள். விசிறி இரண்டு முறை ஓடி நிற்கும்வரை காத்திருங்கள். ஹீட்டரிலிருந்து சூடான காற்று வராவிட்டால் குமிழி இன்னும் உள்ளே இருக்கிறது.

தடத்துக்குப் போகும் நாள்

காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் மட்டத்தை டப்பாவில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக் குறியுங்கள். ஐந்து லிட்டர் காய்ச்சி வடித்த தண்ணீர், ஒரு லிட்டர் ஆயில், உபரி ஹோஸ் கிளாம்புகள், தடித்த துணி ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் சுற்றை மெதுவாக ஓட்டுங்கள். கூலன்ட் முன்பே சூடாகிவிடும், ஆயில் பின்தங்கித்தான் வரும். ஏசியை அணையுங்கள். இன்னொரு காரின் பின்னால் ஒட்டிக்கொண்டே பல சுற்றுகள் போகாதீர்கள். அவருடைய சூடான காற்றுதான் உங்கள் ரேடியேட்டருக்கு வரும். எண் ஏறினால் கியரைக் கூட்டி இன்ஜின் வேகத்தைக் குறையுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் ஹீட்டரை முழுதாகப் போடுங்கள். அதுவும் ஒரு சிறிய ரேடியேட்டர்தான். பிட் வரை வர அது உதவும்.

கடைசிச் சுற்றைக் குளிரவைப்பதற்கென்றே மெதுவாக ஓட்டி வாருங்கள். உள்ளே வந்ததும் இன்ஜினை உடனே அணைக்காதீர்கள். பம்பு நின்றால் டர்போவில் தேங்கிய வெப்பம் ஆயிலைக் கருக்கும். ஓரிரு நிமிடம் ஓடவிட்டு, பானெட்டைத் திறந்துவையுங்கள். கைப்பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். அதிகபட்சக் கூலன்ட் வெப்பம், ஆயில் வெப்பம், காற்று வெப்பம் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். மேல் ஹோஸைக் கையால் பிடித்துக்கொண்டே இருக்க முடிகிற வரை மூடியைத் தொடாதீர்கள்.

மறுநாள் காலை, இன்ஜின் முழுதாகக் குளிர்ந்த பிறகு, மார்க்கர் கோட்டைப் பாருங்கள். மட்டம் கோட்டிலேயே இருந்தால் அடுத்த தடநாளுக்குப் பதிவு செய்யலாம். ஒரு விரற்கடை இறங்கியிருந்து, எங்கும் ஈரம் தெரியாவிட்டால், அந்த நீலத் திரவச் சோதனையை முடித்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.